தங்கச்சிக் கூறு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய் நிற்காது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் கதையில் எல்லாத் தப்பும் அண்ணன் பக்கம்தான் என்று தோன்றிவிடும். பல வருடம் நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் துணி தைக்கும் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில் பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஒருவரைப் பிடித்துப்போனது. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். வீட்டில் கேட்டால் நடக்காது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் போய்ப் பதிவு செய்துகொண்டேன். அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தது என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன் ஒருவன்தான். அவனுக்குச் செய்தி தோட்டத்துக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் நின்று, "அவ வீட்டுல என் கை நனையாது. பச்சத் தண்ணி பல்லுல படாது" என்று சொல்லிவிட்டான். சொன்னது அன்று சாயங்காலமே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. தோட்டத்தில் தபால்தான் தாமதமாக வரும்.

"போடா, யாருக்கு வேணும்" என்றேன். அதுவும் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆறு வருடம் ஓடியது. ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதாகியும் காது மூளியாக இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், "என்ன லா, பொம்பளப் புள்ளைக்கு இன்னும் காது குத்தலியா?" தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். வீட்டுக்காரர் பாவம், "தட்டார் கடைக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டு நிமிசம்" என்பார். "என் புள்ளைக்கு மாமன் செத்தா போயிட்டான்?" என்று எரிந்து விழுவேன். அண்ணன்தான் வரவேண்டும், வந்து என் வீட்டில் சாப்பிட வேண்டும், பிறகு என் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் நான் அந்த ஆறு வருடத்தில் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் அவனைக் கூப்பிட மட்டும் மாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் பாதி ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்தார்கள். செம்பனைக் குருத்தைத் தின்னக் காட்டுப்பன்றி இறங்கும். காவல்காரரிடம் துப்பாக்கி, அண்ணனிடம் நாய்கள். லீவு நாட்களில் ஏழெட்டு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள். அடித்த பன்றியை லயத்துக்குப் பின்னால் போட்டு மயிர் பொசுக்கி, வாழை இலையில் கூறு போடுவார்கள். சுட்டவருக்குத் தலை. நாய்க்காரனுக்கு ஒரு கூறு அதிகம். வெளியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி இருக்கிறவன் ஒரு கூறு கூடக் கேட்டு வாங்கி, யார் கையிலாவது கொடுத்து அனுப்புவான். அதற்குத் தங்கச்சிக் கூறு என்று பெயர். என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்த இரண்டு பெண்களுக்கு அவர்கள் தோட்டத்திலிருந்து வரும். எனக்கு வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. தோட்டத்து லாரி டிரைவர் வாசலில் நின்று ஒரு வாளியை நீட்டினார். ஐஸ் கட்டிக்கு நடுவில் பத்திரிகைத்தாள் சுற்றிய பெரிய பொட்டலம்.

"அண்ணன் குடுத்து விட்டாரு அக்கா. தங்கச்சிக் கூறாம். நாளைக்கி அவரும் வாரேன்னு சொன்னாரு."

"எதுக்கு?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்? வாரேன்னாரு. அவ்ளோதான் லா."

பிரித்துப் பார்த்தேன். ஒரு முழுப் பின்னந்தொடை. கூறு என்றால் எலும்பும் கொழுப்பும் கலந்து வரும். தொடையை முழுசாக யாரும் தங்கச்சிக்கு அனுப்ப மாட்டார்கள். திரும்பச் சுற்றி ஐஸுக்குள் வைத்தேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

இப்போது அந்த ஸ்லோ குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேக்டரி விருந்துக் குலுக்கலில் எனக்கு விழுந்தது அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு மின்விசிறி, எதிரில் இருந்தவளுக்குச் சோறு பொங்குகிற குக்கர், எனக்கு மட்டும் பேர் தெரியாத ஒரு பெட்டி. உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. எட்டு மணி நேரம் வைத்தால்தான் கறி வேகும் என்றார்கள். எட்டு மணி நேரத்தில் நான் ஒரு ஷிப்டே முடித்துவிடுவேன் என்று அலமாரி மேல் தூக்கிப் போட்டிருந்தேன்.

அன்றைக்கு அதை இறக்கியதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். சுவர் ஒன்றுதான். அந்த அக்கா நோன்புப் பெருநாளுக்கு என் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர். நாங்கள் என்ன சமைக்கிறோம் என்று ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பின்வாசலில் பன்றிக்கறியை வாணலியில் போட்டு மூன்று மணி நேரம் வறுக்க எனக்கு மனசு வராது. மூடி போட்ட சட்டிக்குள்ளேயே வெந்தால் வாடை போகாது.

நியாயமில்லாத காரணமும் ஒன்று உண்டு. அண்ணன் பார்க்க வேண்டும். தங்கச்சி டவுனில் கெட்டுப்போய்விடவில்லை, கரண்டில் சமைக்கிறாள் என்று பார்க்க வேண்டும். பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. முழுத்தொடை ஒன்று ரோஸ்ட் ஆகி, பழுப்பு நிறத்தில் மினுங்கிக்கொண்டு, சுற்றிலும் கேரட்டும் உருளைக்கிழங்குமாக ஒரு தட்டில் கிடந்தது. அதே மாதிரி வைக்கப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

தொடை சட்டிக்குள் இறங்கவில்லை. எலும்பு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டாய் வெட்டலாம் என்றார் வீட்டுக்காரர். படத்தில் வெட்டவில்லை என்றேன். கடைசியில் பட்டறையிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து, கழுவி, எலும்பை அறுத்தார். "பஸ்ஸு ஆக்சில்கூட இவ்ளோ கஷ்டமில்ல" என்று முனகினார். கறியை வினிகரும் மஞ்சளும் போட்டுக் கழுவினேன். மிளகு, இஞ்சி, பூண்டு, சோம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் அரைத்து, கறுப்புக் கிச்சாப், அதுதான் சோயா சாஸ், ஊற்றிக் கலந்து, கத்தியால் கீறிக் கீறி உள்ளே தேய்த்து, இரவு முழுக்க ஊற வைத்தேன்.

விடிய ஐந்து மணிக்கு எல்லாப் பக்கமும் சிவக்க ஒரு புரட்டுப் புரட்டி, சட்டியில் வெங்காயமும் கேரட்டும் பரப்பி, அதன்மேல் வைத்தேன். அரைக் கிண்ணம் தண்ணீர் போதும் என்று புத்தகம் சொன்னதாம். இங்கிலீஷ் வாசித்துச் சொன்னவர் வீட்டுக்காரர். இன்னொன்றும் சொன்னார்.

"மூடியத் தொறக்கக் கூடாது. ஒரு தடவ தொறந்தா அர மணி நேரம் பின்னாடி போயிருமாம்."

இப்படி ஒரு சமையலை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்களுக்குக் கறி என்றால் கொதிக்கிற சத்தம் கேட்க வேண்டும். கரண்டி போட வேண்டும், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்க வேண்டும். இது ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏழு மணிக்கு மனசு கேட்காமல் ஒரு தடவை திறந்துவிட்டேன். வீட்டுக்காரர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கத்தினார். "ஒரு மணிக்கு வேகுறது ஒன்னரைக்கிதான் வேகும், போ!" அதற்குப் பிறகு அண்ணன் வரும்வரை நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

பத்தரைக்கு அண்ணன் வந்தான். காதோரம் நரை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்க" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "ம்ம்" என்றான். அண்ணனைப் போய் வாங்க என்று கூப்பிடப் பார்த்தேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்காரர் கோயிலிலிருந்து வந்து, "வாங்க மச்சான்" என்று கையை நீட்டினார். அண்ணன் கையைக் கொடுத்தான், முறை வைத்துக் கூப்பிடவில்லை. நான் சிராப் சர்பத்து கலக்கி, ஐஸ் போட்டு முன்னால் வைத்தேன். "இருக்கட்டும்" என்றான். ஐஸ் கரைந்து கிளாஸ் வேர்த்து மேசை நனைந்தது. அவன் கை அதன் பக்கம் போகவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டு அந்தக் கிளாஸையே பார்த்தேன். கறியைக் கொடுத்துவிட்டு, வந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. வராமலேயே இருந்திருக்கலாம்.

"எங்க கறி?" என்று எழுந்து அடுப்படிக்கு வந்தான். குக்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சத்தத்தையே காணோம். கரண்டு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கிவிட்டான். வீட்டுக்காரர் பதறிப்போய் விஷயத்தைச் சொன்னார். எட்டு மணி நேரம், ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரம் தள்ளிப்போகும். அண்ணன் கவனமாகக் கேட்டான். "அர மணி நேரமா?" என்று திருப்பியும் கேட்டான். மூடியைப் பூப்போல வைத்தான். "வெட்டவே இல்லியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றான். சரி, கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டால் கணக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு மறுபடி வந்து திறந்தான். "சும்மா, தண்ணி வத்திருச்சான்னு பாத்தேன்." பன்னிரண்டேகாலுக்கு வந்து திறந்தான். "வாசம் வரலியேன்னு பாத்தேன்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணிக்கு முள்கரண்டியைக் குத்திப் பார்த்தேன். டயரில் குத்தின மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்ப அடுத்த பஸ்ஸுல போறேன்," என்றான்.

அதற்குள் என் பெண் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கதவோரம் நின்று பார்த்தவள். நாய்க்கு என்ன பேர், பன்றி கடிக்குமா, உங்க வீட்டில் டிவி இருக்கா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். "எங்க வீட்டுல ஒரு தம்பி இருக்கான், மூணு வயசு. அவனும் ஒன்ன மாதிரிதான், வாய் ஓயாது" என்றான் அண்ணன். எனக்குக் கேட்டது. அவனுக்குப் பையன் பிறந்தது எனக்குத் தெரியும். பிறந்த வாரமே தெரியும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் நாலாவது தடவை மூடியைத் தூக்கியபோது என் பொறுமை போய்விட்டது.

"அண்ணே! இன்னொரு தடவ அந்த மூடியத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்! ஒனக்கு சாப்புட இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. எதுக்கு இப்டிக் கெடுக்குற?"

அண்ணன் மூடியை வைத்துவிட்டு, கூடத்துக்குப் போனான். நான் பின்வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். என் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எஞ்சின் சத்தம் கேட்டே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவார், மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார்.

"நீ ஏன் இப்டிக் கத்துற? அவரு கெடுக்கல. நான் அர மணி நேரம்னு சொன்னேன்ல? ஒவ்வொரு தடவையும் மணியப் பாத்துட்டு வந்துதான் தொறக்குறாரு. பஸ்ஸுக்கு நேரம் நெருங்க நெருங்கத் தொறக்குறாரு. வந்த விசயம் இன்னும் வாயில வரல. போகவும் மனசில்ல. ஒனக்கு வெளங்கலியா?"

எனக்கு விளங்கவில்லைதான். சொன்ன பிறகு விளங்கிற்று. எங்கள் வீட்டில் யாரும் மனசில் இருப்பதை நேராகச் சொன்னது கிடையாது. கோபம் மட்டும்தான் நேராக வரும். மற்றதெல்லாம் இப்படி ஏதாவது ஒரு மூடியைத் திறந்து மூடித்தான் வரும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படிக்குப் போய், அவன் பார்க்கும்படி மூடியைத் தூக்கினேன். ஆவி முழுக்க வெளியே போகட்டும் என்று நன்றாகத் தூக்கிப் பிடித்தேன்.

"உப்புப் பாக்கணும்" என்றேன். "இன்னும் நேரமாகும் போல. நீ மூணு மணி பஸ்ஸையும் விட்டுரு."

அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சின்ன வயதில் ஒரு குறும்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் வரும் அதே கோணல் சிரிப்பு. கையை நீட்டி சிராப் கிளாஸை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தான். "ஐஸு கரஞ்சிருச்சு" என்று குறை வேறு சொன்னான். எனக்கு இன்னொரு தரம் அழுகை வந்தது, இந்தத் தடவை யாருக்கும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. வீட்டுக்காரரும் அவனும் பின்வாசலில் உட்கார்ந்து அவருடைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டார்கள். நடுவில் ஒரு தடவை, "அந்த ஸ்பேனர எடுங்க மாப்ள" என்று அண்ணன் குரல் கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மாப்ள!

ஐந்து மணி வாக்கில் முள்கரண்டி தானாக உள்ளே இறங்கியது. தூக்கித் தட்டில் வைக்கலாம் என்று பார்த்தால் எலும்பு மட்டும் கையோடு வந்தது. கறி நார் நாராகச் சட்டியிலேயே உட்கார்ந்துகொண்டது. படத்தில் இருந்த மாதிரி ஒன்றும் இல்லை. கேரட் கரைந்து காணாமல் போயிருந்தது. ஆனால் வாசம்! கிச்சாப்பும் மிளகும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்து ஒரு கறுப்புக் குழம்பாகத் திரண்டிருந்தது. சோற்றில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

பிசைந்து ஒரு வாய் போட்டான். மென்றான். மெல்ல ஒன்றும் இல்லை, கரைந்துவிட்டது. இன்னொரு வாய் போட்டான்.

"உப்புப் பத்தல" என்றான்.

"அலாமா! நாலு தடவ தொறந்து பாத்தியே, அப்ப ஒரு கல்லு போட்டிருக்கக் கூடாதா?" ஆறு வருடப் பாரமும் இறங்கின மாதிரி எனக்கு வாய் துள்ளியது. "ஆறு வருசம் என் வீட்டுல கை நனைக்காம வீம்பா இருந்துட்டு, இப்ப வந்து உப்புப் பத்தலன்னு சொல்றியா? ஒங் கோவத்துக்கு எம் புள்ள அஞ்சு வயசு வரைக்கும் மூளிக் காதோட நிக்கிறா. மாமன் வரல, மாமன் வரலன்னு நான் யார்கிட்ட எல்லாம் பதில் சொன்னேன் தெரியுமா?"

வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது வேடிக்கையாக இல்லை.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் சொன்னது கோவத்துல. தப்புதான். நாலு பேரு முன்னால சொல்லிட்டேன், திருப்பி எடுக்கத் தெரியல." சோற்றை ஓரமாக ஒதுக்கினான். "நீ அப்டி சபதம் ஒன்னும் போடலியே. வரமாட்டேன்னு நீ சொல்லல. ஆனா நீயும்தான் வரல. எம் பையன் பொறந்தப்ப பதினாறாம் நாளு தொட்டில்ல போடணும். அத்ததான் போடணும். காலையில இருந்து பஸ்ஸு வர்ற எடத்துல நின்னேன். ஒனக்கு சேதி வந்திருக்கும்னு தெரியும். மத்தியானம் ஆயிருச்சு. கடைசியில அடுத்த லயத்து அக்காவக் கூப்பிட்டுப் போடச் சொன்னோம். அவன் காதுல பேரு சொன்னதும் அவங்கதான்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பதினாறாம் நாள் எது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தவள் நான். அவன் வந்து கூப்பிடட்டும் என்று, ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, தலை குளித்து, சேலை கட்டி, இதே வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரப் பஸ் பயணம். அவன் அந்தப் பக்கம் நின்றிருக்கிறான், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

"இதச் சொல்லத்தான் வந்தேன்" என்றான் அண்ணன். "வர்ற வாரம் நீ அங்க வா. எங்க வீட்டுல ஒரு வாய் சாப்புடு. அப்புறம் பாப்பா காதுக்கு நாள் பாப்போம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் நிமிர்ந்து பார்க்காமல் மிச்சத்தையும் வழித்துத் தின்றான். காலித் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"சோறு போடு."